பனை உழவாரனா, ஸ்விஃப்ட்லெட்டா: பட்டியலில் எந்தப் பெயரை எழுதுவது?

மேட்டுப்பாளையத்தைத் தாண்டி, குன்னூர் சாலை மலையேறத் தொடங்கும் இடத்தில் இருக்கிறது கல்லாறு. சுற்றிலும் பாக்குத் தோப்புகள், பின்னால் செங்குத்தாக நீலகிரி. அங்கே நின்று அண்ணாந்து பார்த்தால், உட்காரவே தெரியாததுபோல் ஓயாமல் சுற்றிக்கொண்டிருக்கும் சின்னப் பழுப்புப் பறவைகள் கண்ணில் படும். உழவாரன் (ஸ்விஃப்ட்) என்பதுவரை சந்தேகமில்லை. பார்த்த பறவைகளைப் பட்டியலில் எழுதும்போது அடுத்த கேள்வியில்தான் கை நின்றுவிடுகிறது. இது தோப்பிலேயே குடியிருக்கும் பனை உழவாரனா, மலையிலிருந்து இறங்கிவந்த இந்தியன் ஸ்விஃப்ட்லெட்டா?

பறவை பார்ப்பவர்கள் வாயில் 'ஸ்விஃப்ட்லெட்' என்றே புழங்குவதால் நானும் அப்படியே எழுதுகிறேன். இரண்டும் 12 அல்லது 13 சென்டிமீட்டர் நீளம்தான். இரண்டிலும் பளிச்சென்று சொல்ல ஒரு வெள்ளைத் திட்டு இல்லை. ஆண், பெண் வேறுபாடும் இல்லை. இரண்டுமே பறந்தபடி பூச்சி பிடித்து, பறந்தபடியே தண்ணீர் குடிப்பவை. தஞ்சாவூர் வயல்வெளியிலோ இராமநாதபுரத்துப் பனங்காட்டிலோ இந்தக் கேள்வி எழாது, அங்கே பனை உழவாரன்தான். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் புல்வெளிக்கு மேல் கூட்டமாகப் பறப்பவை ஸ்விஃப்ட்லெட் என்று பெரும்பாலும் தயங்காமல் எழுதலாம். குழப்பம் இரண்டுக்கும் நடுவில் உள்ள மலையோரப் பகுதியில்தான். கல்லாறு, பர்லியாறு, ஆழியாறு, தென்காசியிலிருந்து குற்றாலம்வரை, கன்னியாகுமரி மாவட்டத்தின் மலையடிவார ஊர்கள், இலங்கையில் தாழ்நிலம் மலைநாடாக மாறும் பகுதிகள். பனையோ பாக்கோ இருக்கும், மலையும் பக்கத்திலேயே இருக்கும்.

முடிவெடுக்கும் முன் மற்றவற்றைக் கழித்துவிடுவது நல்லது. மின்கம்பியில் வரிசையாக உட்கார்ந்திருந்தால் அது உழவாரனே இல்லை, தகைவிலான் (ஸ்வாலோ). உழவாரன்களின் கால்கள் மிகக் குட்டை. செங்குத்தான பரப்பில் தொற்றிக்கொள்ளத்தான் அவை உதவும். வாலுக்குச் சற்று மேலே வெள்ளைப் பட்டையும் தொண்டையில் வெள்ளையும் தெரிந்து, வால் நுனி வெட்டிவிட்டதுபோல் நேராக இருந்தால் அது நாட்டு உழவாரன். கோயில் கோபுரங்களிலும் பாலங்களின் அடியிலும் கூட்டமாகக் கூடு வைப்பது இதுதான். வெள்ளை வயிறோடு மிகப் பெரிதாக இருந்தால் ஆல்பைன் ஸ்விஃப்ட். மலைப்பாதைகளில் பாறைச் சரிவை ஒட்டிச் சோம்பலாகச் சுற்றும் கரும்பழுப்புத் தகைவிலான் ஒன்றும் ஏமாற்றும். அது திரும்பும்போது விரியும் வாலில் சின்ன வெள்ளைப் புள்ளிகள் தெரியும். இறக்கையும் அகலம். இவ்வளவையும் கழித்த பிறகு மிஞ்சுவது நம்முடைய இரண்டு பறவைகள்.

என் கணக்கில் முதல் இடம் வாலுக்குத்தான். பனை உழவாரனின் வால் நீளமானது, ஆழமாகப் பிளந்தது. ஆனால் இந்தப் பிளவை நம்பிக் காத்திருந்தால் ஏமாந்துபோவோம். பெரும்பாலான நேரம் அது வாலை மூடியே வைத்திருக்கும். மூடிய வால் உடம்பின் பின்னால் ஒரு தையல் ஊசிபோல ஒற்றை முனையாக நீளும். பூச்சியைத் துரத்தி வெட்டித் திரும்பும்போது மட்டும் ஒரு கணம் விரியும். அப்போது இரண்டு கூர்முனைகளும் நடுவில் ஆழமான பிளவும் தெரியும். ஸ்விஃப்ட்லெட்டின் வால் குட்டை. நுனியில் லேசான வெட்டு ஒன்று உண்டு. மூடியிருக்கும்போது அந்த வெட்டு கண்ணுக்குத் தெரியும், விரித்தால் கிட்டத்தட்ட நேர்க்கோடாகிவிடும். ஆக, இரண்டும் திரும்பும்போது நடப்பது நேர்மாறானது. ஒன்றில் விரித்தால் பிளவு பெரிதாகிறது, மற்றதில் விரித்தால் பிளவு காணாமல் போகிறது. பறவை நேராகப் போகும்போது முடிவெடுக்காமல், திரும்பும்வரை பைனாகுலரை அதன் மேலேயே வைத்திருக்க வேண்டியது இதனால்தான். நல்ல விஷயம், இவை சில விநாடிக்கொருமுறை திரும்பிக்கொண்டே இருக்கும்.

வாலே தெளிவாகத் தெரியாத தூரத்தில் பறந்தால் என்ன செய்வது? அப்போது அளவு விகிதம் கைகொடுக்கும். இறக்கைகளுக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி, அதாவது தலை, எவ்வளவு? இறக்கைகளுக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் உடம்பும் வாலும் சேர்ந்து எவ்வளவு? பனை உழவாரனில் பின்பகுதி முன்பகுதியை விட மிகத் தெளிவாக நீளம். உடம்பே ஒரு கோடாக இழுபட்டிருக்கும், இறக்கைகளும் அதற்கேற்ப ஒடுங்கி நீண்டு பின்னோக்கி வளைந்திருக்கும். ஸ்விஃப்ட்லெட்டில் அந்த வித்தியாசம் அவ்வளவு இருக்காது. உருண்டு திரண்ட சின்ன உடம்பு, பின்னால் குட்டை வால். இறக்கை வளைந்ததுதான் என்றாலும் பனை உழவாரனோடு பார்த்தால் அகலம், நுனியும் அவ்வளவு கூர்மையில்லை. தனியாக ஒன்றைப் பார்க்கும்போது 'ஒல்லி', 'குண்டு' என்பதெல்லாம் ஏமாற்றக்கூடும். பக்கத்தில் ஒரு நாட்டு உழவாரன் பறந்தால் உடனே ஒப்பிட்டுவிடுங்கள். நாட்டு உழவாரன் நல்ல அளவுகோல். அதைவிட மிக ஒடிசலாக, நீளமாகத் தெரிந்தால் பனை உழவாரன் பக்கம் சாயலாம்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. பனை உழவாரனின் இளம் பறவைக்கு வால் குட்டை. தென்னிந்தியாவில் இது ஆண்டின் பல மாதங்களிலும் கூடு வைப்பதால், குட்டை வாலுள்ள இளசுகளை எப்போது வேண்டுமானாலும் பார்க்க நேரும். இறகு உதிர்த்துப் புது இறகு வளரும் பருவத்திலும் வால் அரைகுறையாகத் தெரியலாம். அதனால் ஒரே ஒரு பறவையின் குட்டை வாலைப் பார்த்துவிட்டு, சமவெளியில் 'ஸ்விஃப்ட்லெட்!' என்று எழுதிவிடக் கூடாது. கூட்டத்தில் மற்றவை எப்படி இருக்கின்றன என்று பாருங்கள். எல்லாமே நீள வாலாக இருந்து ஒன்று மட்டும் குட்டையாக இருந்தால், அதுவும் அந்தக் குடும்பத்துப் பிள்ளையாக இருப்பதற்கே வாய்ப்பு அதிகம். கூட்டம் முழுக்கக் குட்டை வாலாக இருந்தால்தான் கதை மாறுகிறது.

பறக்கும் விதத்தை நான் இரண்டாம் இடத்தில் வைப்பேன். ஆனால் அது பழகப் பழகத்தான் கைவரும். பனை உழவாரன் படபடவென்று வேகமாக இறக்கையடித்து, கொஞ்சம் மிதந்து, மறுபடி படபடக்கும். சுற்றிச்சுற்றி ஒரே மரக்கூட்டத்துக்குத் திரும்பி வரும். ஸ்விஃப்ட்லெட்டின் பறத்தலில் வௌவாலின் சாயல் உண்டு. இப்படியும் அப்படியும் தடுமாறுவதுபோல் சாய்ந்து, வளைந்து, சட்டென்று திசை மாறும். தேயிலைச் சரிவுக்கு மேலும் மலைச்சாலைக்கு மேலும் பத்து, இருபது என்று கலைந்த கூட்டமாக, தலைக்கு வெகு அருகிலேயே பறந்து போகும். குன்னூரிலோ வால்பாறையிலோ ஒரு மாலை முழுக்க இவற்றை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் இந்த நடை கண்ணில் பதிந்துவிடும். பிறகு கல்லாற்றில் பார்க்கும்போது வாலைத் தேடும் முன்பே மனசு ஒரு பெயரைச் சொல்லும். சொல்லட்டும், ஆனாலும் வாலைப் பார்த்து உறுதி செய்துகொள்வதே முறை.

குரல் விஷயத்தில் பனை உழவாரனுக்குத்தான் அனுகூலம். மெல்லிய, உச்சக் குரலில் விட்டுவிட்டு ஒரு கீச்சொலியைப் பறந்தபடியே எழுப்பிக்கொண்டிருக்கும். பனைமரத்தடியில் நின்றால் பறவையைப் பார்க்கும் முன்பே இதைக் கேட்கலாம். ஸ்விஃப்ட்லெட் திறந்த வெளியில் அவ்வளவு வாயாடி இல்லை. கூட்டத்திலிருந்து மெதுவான கிசுகிசுப்பு வரும், காற்றிருந்தால் அதுவும் கேட்காது. நாட்டு உழவாரன்கள் சேர்ந்து கத்தும் கிறீச்சொலி இரண்டையும் மூழ்கடித்துவிடும் என்பதால், மூன்றும் கலந்து பறக்கும் இடத்தில் காதை நம்பாமல் கண்ணை நம்புவது நல்லது.

அடுத்தது இடம். இதைப் பலர் முதலில் வைப்பார்கள். பனை இருக்கிறது, அதனால் பனை உழவாரன் என்று எழுதிவிடுவார்கள். பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும், ஏனென்றால் இந்தப் பறவையின் வாழ்க்கையே ஓலையில் ஒட்டியிருக்கிறது. கூடு என்று பெயர்தானே தவிர, அது ஓலையின் அடிப்பக்க மடிப்பில் ஒட்டிய ஒரு சின்னப் பஞ்சுத் திட்டு. காற்றில் மிதந்துவரும் இறகையும் பஞ்சையும் பறந்தபடியே பிடித்து வந்து, தன் எச்சிலால் ஓலையோடு ஒட்டிவைக்கும். இரண்டு அல்லது மூன்று முட்டைகள். அவற்றையும் எச்சிலாலேயே ஒட்டிவிடும். காற்றடித்து ஓலை சுழன்றாலும் முட்டை விழாது. அடைகாக்கும் பறவை படுத்திருக்காது, ஓலையைப் பிடித்துக்கொண்டு செங்குத்தாகத் தொங்கும். மரத்தைச் சுற்றித் தொங்கும் காவோலைகளுக்குள் ஒரு பறவை வேகம் குறையாமல் நுழைந்து மறைவதைப் பார்த்துவிட்டால் வேறெந்த அடையாளமும் தேவையில்லை. மலைக்குகையில் கூடு வைக்கும் ஸ்விஃப்ட்லெட்டுக்கு ஓலைக்குள் என்ன வேலை? அந்த ஒரு காட்சிக்காக மரத்தடியில் கால் மணி நேரம் காத்திருப்பது வீண்போகாது.

ஓலை கழிக்காத பனைகளை இது விரும்புவதால், ஏறி இறங்கும் மரங்களைவிட ஆள் ஏறாமல் விட்ட மரங்களைக் கவனியுங்கள். இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். செங்கல் சூளைக்கும் சாலை விரிவாக்கத்துக்கும் பனைகள் சாய்வதைப் பார்த்துக்கொண்டே வளர்ந்த தலைமுறை நாம். 2021 ஆகஸ்டில் வந்த தமிழ்நாட்டின் முதல் வேளாண் நிதிநிலை அறிக்கையில், பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று அறிவித்தார்கள். விதைகள் நடுவதற்கும் திட்டம் வந்தது. நல்ல காரியம். ஆனால் இன்று நட்ட விதை, காவோலை தொங்கும் உயரமான மரமாக நிற்கப் பதினைந்து இருபது ஆண்டுகளாவது ஆகும். அதுவரை இந்தப் பறவைக்கு இருக்கும் மரங்கள்தான் வீடு. ஒரு ஊரில் பனை உழவாரன் குறைகிறதா என்பதை நம் பட்டியல்களிலிருந்துதான் நாளை யாரோ படிக்கப்போகிறார்கள். பெயரைச் சரியாக எழுத இவ்வளவு மெனக்கெடுவது இதற்காகத்தான்.

சரி, இடத்தை ஏன் நான் முதலில் வைக்கவில்லை? உழவாரனுக்கு தூரம் ஒரு பொருட்டே இல்லை. மலையில் தூங்கும் ஸ்விஃப்ட்லெட், இரை தேடி அடிவாரத்துக்கு இறங்கும். மேகம் மூடி மலை முழுக்க மழை பிடித்த நாட்களில் கூட்டமாகவே கீழே வந்து பறக்கும். அப்போது பனைக்கு மேலேயே பறந்தாலும் அது பனை உழவாரன் ஆகிவிடாது. அதேபோல் மலைப்பகுதியில் பாக்கோ வேறு பனைவகை மரங்களோ உள்ள பள்ளத்தாக்குகளில் பனை உழவாரனும் உண்டு. இடம் ஒரு சாட்சி, அவ்வளவுதான். மரத்துக்குள் நுழைந்தால் அது வலுவான சாட்சி. மரத்துக்கு மேலே வெறுமனே பறந்தால் பலவீனமான சாட்சி.

ஸ்விஃப்ட்லெட்டின் வீட்டைப் பற்றியும் சொன்னால்தான் ஒப்பீடு முழுமையாகும். 1840இல் பறவையியலாளர் ஜெர்டான் இந்தப் பறவையை அறிவியலுக்கு விவரித்தார். உலகத்திலேயே மேற்குத் தொடர்ச்சி மலையும் அதை ஒட்டிய கடலோரமும் இலங்கையும்தான் இதற்குச் சொந்த இடம். குகைகளிலும் பாறை இடுக்குகளிலும் பெருங்கூட்டமாக வாழும். சுவரில் அரைக் கிண்ண வடிவில் எச்சிலால் கூடு ஒட்டும். பாசி, புல், இறகு என்று கைக்குக் கிடைத்ததெல்லாம் அதில் கலந்திருக்கும். மகாராஷ்டிரத்தின் சிந்துதுர்க் மாவட்டக் கடலில் வெங்குர்லா பாறைத் தீவுகளின் குகையிலும் இது கூடு வைக்கிறது. 'பறவைக் கூடு சூப்' வணிகத்துக்காக அங்கே கூடுகளைத் திருடியதும் நடந்திருக்கிறது. ஒரு குகை கலைந்தால் அந்த வட்டாரத்தின் பறவைகள் எல்லாமே ஒரே நேரத்தில் வீடிழக்கும். பனை உழவாரனுக்கு ஊரெங்கும் மரங்கள் சிதறிக் கிடக்கின்றன, ஸ்விஃப்ட்லெட்டுக்கு அப்படி இல்லை.

குகைக்குள் இது செய்யும் ஒரு காரியம் எனக்கு எப்போதும் வியப்பு. கண் தெரியாத இருட்டில் 'டிக் டிக்'கென்று ஒலியெழுப்பி, அது சுவரில் பட்டுத் திரும்பும் எதிரொலியை வைத்து வழி கண்டுபிடிக்கும். வௌவால்களில் பலவும் எழுப்பும் ஒலி நமக்குக் கேட்காது, ஸ்விஃப்ட்லெட்டின் டிக்கொலி நம் காதுக்கே கேட்கும். பறவைகளில் இந்தத் திறமை ஸ்விஃப்ட்லெட் கூட்டத்தில் பலவற்றுக்கும், தென் அமெரிக்காவின் எண்ணெய்ப் பறவைக்கும்தான் உண்டு. பனை உழவாரனுக்குக் கிடையாது. பாறை இடுக்கு வாசலில் சாயங்காலம் இந்த ஒலி கேட்டால் அடையாளம் முடிந்தது. ஆனால் அதற்காகக் குகைக்குள் டார்ச் அடித்துக்கொண்டு போக வேண்டாம். முட்டையும் குஞ்சும் இருக்கும் காலத்தில் ஒரு கூட்டத்தையே கலைத்துவிடுவோம். வாசலுக்கு வெளியே தள்ளி நின்று கேட்டாலே போதும்.

நிறத்தைக் கடைசியில் வைத்திருக்கிறேன். படப் புத்தகங்களில் பனை உழவாரனை வெளிர்பழுப்பாகவும் ஸ்விஃப்ட்லெட்டைக் கரும்பழுப்பாகவும் வரைந்திருப்பார்கள். கையில் வைத்துப் பார்த்தால் அது உண்மைதான். வானத்தில் அப்படித் தெரியாது. வெள்ளை மேகத்துக்கு எதிரே எல்லாமே கறுப்பு. சாயங்கால மஞ்சள் வெயில் அடிவயிற்றில் பட்டால் ஸ்விஃப்ட்லெட்டும் வெளிறித் தெரியும். ஒரே ஒரு சூழ்நிலையில் நிறம் உதவும். நீங்கள் மேட்டில் நின்று, பறவை உங்களுக்குக் கீழே பச்சைச் சரிவுக்கு எதிரே பறந்தால் முதுகு தெளிவாகத் தெரியும். மலைச்சாலையின் கொண்டை ஊசி வளைவுகளில் இந்த வாய்ப்பு அடிக்கடி கிடைக்கும். அங்கே வெள்ளைப் பட்டை தெரிவதால் நாட்டு உழவாரனையும் சுலபமாகக் கழித்துவிடலாம்.

கேமரா வைத்திருப்பவர்கள் முடிவை வீட்டுக்கு எடுத்துப் போகலாம். ஷட்டர் வேகம் 1/2000 அல்லது அதற்கு மேல், தொடர்ச்சியாக எடுக்கும் முறை. வெளிச்சமான வானம் என்றால் எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் கூட்டி வையுங்கள், இல்லாவிட்டால் வெறும் நிழலுருவம்தான் கிடைக்கும். முக்கியமானது, கூர்மையாக வந்த ஒரே படத்தை வைத்து முடிவு செய்யாமல் இருப்பது. நிறுத்திய கணத்தில் வால் எந்த நிலையில் இருந்ததோ அது மட்டுமே படத்தில் இருக்கும். பாதி விரிந்த பனை உழவாரன் வாலும், நன்றாக மூடிய ஸ்விஃப்ட்லெட் வாலும் அரைத் தெளிவுப் படத்தில் சங்கடப்படுத்தும். அடுத்தடுத்து எடுத்த பத்துப் படங்களை வரிசையாகப் பார்த்தால் வால் விரிந்து மூடுவது தெரியும். மங்கலாக இருந்தாலும் திரும்பும்போது எடுத்த படத்தை அழித்துவிடாதீர்கள், அடையாளம் காண உதவுவது பெரும்பாலும் அதுதான்.

இனி மூன்றாவது வழி. 'உழவாரன், வகை தெரியவில்லை' என்று எழுதுவது. பறவைப் பட்டியல்களைப் பதிவேற்றும் இணையதளமான இ-பேர்டில் இதற்கென்றே தனிப் பதிவு உண்டு. புதிதாக வருகிறவர்கள் இதைத் தோல்வியாக நினைத்துத் தவிர்க்கிறார்கள். வாலையும் பார்க்கவில்லை, உடம்பின் விகிதமும் தெரியவில்லை, இடம் மட்டும்தான் கையில் இருக்கிறது என்றால், மலையோரப் பகுதியில் இதைத்தான் நான் பரிந்துரைப்பேன். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் உள்ள தமிழர்களுக்கு இது புதிதாக இருக்காது. அங்கே பறப்பவை வேறு ஸ்விஃப்ட்லெட் இனங்கள். கட்டடம் கட்டி, ஒலிப்பதிவு போட்டு அழைத்து, கூட்டுக்காக வளர்ப்பதும் அவற்றில் சிலவற்றைத்தான். வெள்ளைக் கூடு கட்டும் இனத்தையும் கறுப்புக் கூடு கட்டும் இனத்தையும் பறக்கும்போது பிரிப்பது மிகக் கடினம் என்பதால், அனுபவசாலிகளே 'ஸ்விஃப்ட்லெட் வகை' என்று எழுதிவிட்டு நகர்கிறார்கள். நமக்கு அவ்வளவு சிரமம் இல்லை. இந்தியப் பெருநிலத்தின் தெற்கிலும் இலங்கையிலும் ஸ்விஃப்ட்லெட் ஒன்றே ஒன்றுதான். அதனால் வாலைப் பார்த்துவிட்டால் முடிவெடுத்துவிடலாம். பார்க்காதபோது மட்டும் மூன்றாவது வழி.

அது உண்மையில் தேவைப்படும் நாள் ஒன்று உண்டு. கோடை மழை பெய்து ஓய்ந்த சாயங்காலம், மண்ணிலிருந்து ஈசல் கிளம்பும் நேரம். அந்த அரைமணி நேரத்தில் வட்டாரத்து உழவாரன் தகைவிலான் எல்லாம் ஒரே இடத்தில் குவியும். ஓலையில் குடியிருப்பதும் கோபுரத்தில் குடியிருப்பதும் மலையிலிருந்து இறங்கியதும் ஒரே ஈசல் திரளுக்குள் பாயும். இடம் என்ற சாட்சி அன்றைக்குச் செல்லாது. வெளிச்சம் குறைந்துகொண்டே வரும், நிறமும் செல்லாது. எண்ணிக்கை மட்டும் நூறைத் தாண்டும். இப்படிப்பட்ட நேரத்தில் முதலில் மொத்தத்தைத் தோராயமாக எண்ணிவிடுங்கள். அப்புறம் ஒரு பறவையைப் பிடித்து, அது திரும்பும்வரை பின்தொடர்ந்து, பெயர் வைத்து, அடுத்ததற்குப் போங்கள். முழுக் கூட்டத்துக்கும் ஒரே பெயரைப் போட்டுவிட வேண்டும் என்ற ஆசை வரும். பெயர் வைக்க முடிந்தவற்றின் விகிதத்தை வைத்து மீதியைப் பங்கு போடவும் தோன்றும். இரண்டையும் நான் செய்யமாட்டேன். தாழப் பறப்பவைதான் நன்றாகத் தெரியும், அவை ஒரே இனமாக இருக்கலாம், உயரத்தில் இருப்பவை வேறாக இருக்கலாம்.

பதிவின் குறிப்புப் பகுதியில் என்ன எழுதுவது என்று கேட்பவர்கள் உண்டு. பார்த்ததை மட்டும் எழுதினால் போதும். 'நீள வால், திரும்பும்போது ஆழமான பிளவு தெரிந்தது, காவோலைக்குள் நுழைந்தது' என்று எழுதினால், சரிபார்ப்பவருக்கு மறுகேள்வி இருக்காது. 'குட்டை வால், விரித்தபோது நேராக இருந்தது, பன்னிரண்டு பறவைகளிலும் அப்படியே, வெள்ளைப் பட்டை இல்லை' என்பதும் அப்படித்தான். 'பழுப்பு நிறம், சிறியது' என்று மட்டும் எழுதினால் அது இரண்டுக்கும் பொருந்தும். ஈசல் பறந்த சாயங்காலத்தில் நூற்றிருபது பறவைகள் இருந்து, அவற்றில் பதினெட்டின் வாலை மட்டும் பார்க்க முடிந்திருந்தால், 'பனை உழவாரன் 11, ஸ்விஃப்ட்லெட் 7, உழவாரன் வகை 102' என்றே பதிவு செய்யுங்கள்.